கடைவாய்ப் பல்லில் குளவி

பல் டாக்டரோடு அவருடைய அக்கா பேசி எட்டு வருடம் ஆகிறது. பேச்சு இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்று அர்த்தமில்லை. அக்கா நாகரிகமானவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அக்கா தம்பி மனைவியின் பக்கம் திரும்பி, "அந்தக் கடைசியில உக்காந்திருக்கிற டாக்டரை ஜக்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளச் சொல்லும்மா" என்பார். டாக்டர் தள்ளுவார். தள்ளிவிட்டு, "தள்ளியாச்சுன்னு சொல்லு" என்று அவரும் மனைவியிடமே சொல்லுவார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பக்கமும் பெரிய பெரிய எண்களாக இருக்க, நடுவில் மாட்டிக்கொண்ட சமக்குறி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அந்த அக்காவுக்குத்தான் பல்வலி வந்தது.

புதன்கிழமை மத்தியானம் அக்காவின் போன் வந்ததும் டீச்சர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். டாக்டர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். இருக்கிறார் என்று அக்காவுக்கும் தெரியும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த குடும்பம் அது.

"கீழ் வலது பக்கம்மா. கேப் போட்ட பல்லுக்குப் பக்கத்துப் பல்லு. ரெண்டு நாளா உயிரை எடுக்குது."

"உங்க ஊர்லயே நாலு பேர் இருக்காங்களே அண்ணி?"

"இருக்காங்க. ரெண்டு பேர்கிட்ட போயும் பாத்தேன். வாயைத் திறந்ததும் அந்தக் கேப்பைத் தட்டிப் பாத்துட்டு, யாரு போட்டது, பிரமாதமா போட்டிருக்காரேன்னு கேக்கறாங்க. வலியோட அதை வேற உக்காந்து கேக்க என்னால முடியல. சனிக்கிழமை பத்து மணிக்கு அங்க இருக்கிற டாக்டர்கிட்ட எனக்கு ஒரு நேரம் வாங்கி வை."

டீச்சர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கையில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"வரச் சொல்லு" என்றார். தண்ணீர் குடித்தார். ஜக்கைத் தள்ள யாரும் தேவைப்படவில்லை.

ஒரு காலத்தில் அக்காவும் இந்த வீட்டில்தான் இருந்தார். முன்பக்கத்து இரண்டு அறைகள் கிளினிக், நடுவில் குடும்பம், பின்னால் தோட்டம். தோட்டம் என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக ஆகிவிடும். செம்பருத்தி ஒன்று, எலுமிச்சை ஒன்று, யாரும் நடாமல் தானே வந்த பப்பாளி இரண்டு, துணி காயப்போடும் கொடி ஒன்று. கொடியையும் சேர்த்தால்தான் தோட்டம் கொஞ்சம் நிறைந்து தெரியும். அக்காவின் அறை ஜன்னலைத் திறந்தால் எலுமிச்சை. கிளினிக்கின் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்தால் செம்பருத்தி. நோயாளி நாற்காலியில் சாய்ந்தால் வலது கண்ணுக்குச் செம்பருத்தியும் இடது கண்ணுக்கு டாக்டரும் தெரிவார்கள். பெரும்பாலானவர்கள் செம்பருத்தியையே பார்ப்பார்கள்.

அக்காவுக்கு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒருத்தர் கிணறு இன்னொருத்தர் வீட்டுக்குள் போய்விடும் என்கிற உத்தியோகம். அதனால் அவருக்கு எதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கத் தெரியும். தூரத்தில் வருவது தம்பியா போஸ்ட்மேனா என்று கேட்டால் யோசிப்பார். தம்பியின் சட்டைப் பொத்தானில் எத்தனை நூல் பிரிந்திருக்கிறது என்பதைத் தூக்கத்திலும் சொல்லுவார்.

கேமரா என்னவோ டாக்டருடையதுதான். பல்லைச் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று படம் எடுத்து நோயாளிக்குத் திரையில் காட்டுவதற்காக வாங்கியது. ஒரு பல்லை ஒரு கட்டிடம் அளவுக்குக் காட்டுகிற மேக்ரோ லென்ஸ், அதன் வாயைச் சுற்றி வளையமாக ஒரு ஃபிளாஷ். பெட்டியைப் பிரித்த அன்று சாயங்காலமே அக்கா அதை எடுத்துக்கொண்டு செம்பருத்திக்குப் போனார். மொட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அசுவினிப் பூச்சியைப் படம் எடுத்தார். அசுவினிக்கு முழங்கால் இருக்கிறது என்பது அன்றுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்குத் தோட்டம். காற்று எழுவதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். இலை ஒரு நூல் அசைந்தால் போதும், பூச்சி கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். முகத்தைத் தெளிவாக எடுத்தால் கால் மங்கும், காலைப் பிடித்தால் கண் போய்விடும். அக்கா லென்ஸைத் திருகுவதில்லை. முழங்காலை ஊன்றி, மூச்சை நிறுத்தி, உடம்பையே ஒரு மயிரிழை முன்னும் பின்னும் ஆட்டிப் பிடிப்பார். கிளினிக்கில் பத்துப் பேரை வாயைத் திறக்கவைக்கிற டாக்டருக்குத் தோட்டத்தில் உதவியாளர் பதவி. இலைக்காம்பை இடுக்கியால் பிடித்துக்கொள்வது, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பூச்சி வயிற்றில் அடிப்பது, நோயாளி கழுத்தில் கட்டுகிற வெள்ளைத் தாளை ஃபிளாஷுக்கு முன்னால் பிடித்து வெளிச்சத்தை ஆற வைப்பது. அக்கா போட்ட சட்டங்கள் மூன்று. மூச்சு விடாதே. நிழல் விழாதே. பூச்சியோடு பேசாதே. மூன்றாவது சட்டம் டாக்டருக்காகவே போட்டது. பழக்கதோஷத்தில் அவர், "இதோ முடிஞ்சிடுச்சு, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று வெட்டுக்கிளிக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேமராவுக்குக் கார்டு இரண்டு. நீலம் பல்லுக்கு. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது தோட்டத்துக்கு. ஏற்பாடு பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் எட்டரை மணிக்கு அக்கா பஸ் பிடிக்க ஓடும்போது சிவப்புக் கார்டு கேமராவுக்குள்ளேயே தங்கிவிடும். ஒன்பதரைக்கு டாக்டர் அதே கேமராவைக் கையில் எடுத்து அடுத்த பல்லை எடுத்துவிடுவார்.

அடுத்த பல் என்றதும் 'அடுத்து'வைச் சொல்ல வேண்டும். கிளினிக் உதவியாளர். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கதவைத் திறந்து "அடுத்து" என்று கூப்பிடுவதால் ஊருக்கே அவர் அடுத்து. அதற்கு முன்னால் இருபது வருடம் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவர். ஒரு நெகட்டிவைக்கூடத் தூக்கிப் போட்டறியாதவர். கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. அதற்கு அவரே ஒரு நீதி வைத்திருந்தார். ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது கார்டில் புதிதாக என்ன இருக்கிறதோ, அது எழுந்தவருக்குச் சொந்தம். படத்தில் இருப்பது என்ன என்று பார்ப்பது அவருடைய நீதியில் வராது.

அதனால் ஒரு நாள், ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவருக்கு அவருடைய கடைவாய்ப் பல்லைத் திரையில் காட்டப் போய், ஒரு கும்பிடுபூச்சியின் முகம் வந்து நின்றது. பச்சை முகம், இரண்டு பக்கமும் கண்கள், நடுவில் அசைபோடுகிற வாய். குமாஸ்தா வெகுநேரம் பார்த்தார். பிறகு நிதானமாக, "இது எத்தனை நாளா உள்ள இருக்கு டாக்டர்?" என்று கேட்டார்.

அன்றைக்கு டாக்டர் கொஞ்சம் சத்தம் போட்டார். "இனிமே திரையில பூச்சி வராது சார்" என்று அடுத்து வாக்குக் கொடுத்தார். அதன்பிறகு வரவேயில்லை. எப்படி வராமல் பார்த்துக்கொண்டார் என்று டாக்டர் கேட்கவில்லை.

பிறகுதான் குளவி வந்தது. கிளினிக் ஜன்னலின் வெளிச்சட்டத்தில், நோயாளியின் தலை உயரத்துக்கு, இடுப்பு நூலாக இருக்கிற ஒரு மண்குளவி வீடு கட்ட ஆரம்பித்தது. அக்கா அதற்கு மேஸ்திரியம்மா என்று பெயர் வைத்தார். முதல் மண் உருண்டை வைத்த நாளிலிருந்து, ஒரு நாள் விடாமல், உள்ளிருந்து குஞ்சு வெளியே வருகிற வரைக்கும் எடுப்பது என்று முடிவு. ஐம்பத்திரண்டு நாள். அலுவலகத்துக்கு லேட்டாகப் போய் இரண்டு மெமோ வாங்கினார். குளவி ஒரு சிலந்தியைத் தூக்கிக்கொண்டு வந்து அறைக்குள் திணித்த அன்று, "செத்துப்போச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாகல. கொடுக்கால குத்தி மரத்துப்போக வெச்சிருக்கு. எல்லாம் தெரியும், அசைய முடியாது. உன் வேலைதாண்டா பாக்குது. ஆனா அது சும்மா தொணதொணன்னு பேசறதில்லை."

ஐம்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் மண்ணில் ஒரு துளை விழுந்தது. அக்கா கேமராவோடு, டாக்டர் குட்டிக் கண்ணாடியோடு. துளை பெரிதாகி, தாடை தெரிந்து, ஒரு உணர்கொம்பு வெளியே வந்து காற்றைத் தடவிப் பார்த்தது. புதுக் குளவி முழுசாக வெளியே வந்து சிறகை விரித்த நிமிஷத்தில், டாக்டர் முதல் சட்டத்தை மறந்து 'ஹா' என்று பெரிதாக மூச்சை விட்டுவிட்டார். குளவி போய்விட்டது. ஃபிளாஷ் அவர் கண்ணில் அடித்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அக்கா புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மாதிரி ஒரு காலைப்பொழுது அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, ஒன்பது நாற்பது. நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர், வாயில் கிளிப்போடு. இடது கையில் கண்டக்டரின் உதடு, வலது கையில் கேமரா. கார்டு நிறைந்துவிட்டது என்றது கேமரா. நீலக் கார்டு என்று நினைத்தார் டாக்டர். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ரப்பர் கையுறையின் கட்டைவிரலால் ஆம் என்றார். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. அதற்கும் ஆம் என்றார். கண்டக்டரின் முன்கடைவாய்ப் பல்லை அழகாக எடுத்தார். மத்தியானம் கார்டை வெளியே எடுத்தபோதுதான் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார்.

சாயங்காலம் அக்கா கேட்டதற்கு, "கார்டு செத்துடுச்சுக்கா" என்றார்.

"செத்துடுச்சா?"

"செத்துடுச்சு."

அக்கா அந்தக் கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். சண்டை இல்லை, அழுகை இல்லை. மூன்று மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பதவி உயர்வு என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் 'அந்த டாக்டர்' ஆரம்பித்தது. கார்டு செத்ததற்குத் தம்பி என்ன செய்வான் என்று டீச்சர் பல தடவை அண்ணியிடம் வாதாடியிருக்கிறார். அப்போதெல்லாம் டாக்டர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

வியாழக்கிழமை காலை டாக்டர் அடுத்துவைப் பரணில் ஏற்றினார். அக்காவின் கேப் போட்ட பல்லுக்கு அப்போது எடுத்த எக்ஸ்ரே பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. எட்டு வருடத் தூசியோடு இறங்கி வந்தது; நாலு தும்மல் போட்ட பிறகு உயிர் வந்தது. அக்காவின் ஃபைலைத் திறந்தார். எக்ஸ்ரே, முன், பின். அதற்குக் கீழே 'மற்றவை' என்று ஒரு ஃபோல்டர்.

திறந்தார். ஜன்னல் சட்டம். ஈர மண் உருண்டையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மேஸ்திரியம்மா நின்றது. கண்ணில் இருந்த ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது என்ன?"

அடுத்து எட்டிப் பார்த்தார். "பூச்சி சார்."

"பூச்சின்னு தெரியுது. இது எப்படி இங்க வந்துச்சு?"

"நீங்கதான சார் திரையில பூச்சி வரக்கூடாதுன்னீங்க. அதான் தனியா ஒரு ஃபோல்டர் போட்டு உள்ள தள்ளிட்டேன். தூக்கிப் போடறதுக்கு மனசு வரல. அன்னிக்கு உங்க அக்கா ரூட் கேனாலுக்கு வந்திருந்தாங்க, அதனால அவங்க கணக்குல இருக்கு."

"வேற யார் ஃபைல்லயாவது இது மாதிரி இருக்கா?"

அடுத்து கொஞ்சம் யோசித்தார். "அந்த சமயத்துல வந்த எல்லாருக்கும் இருக்கு சார்."

அன்று மத்தியானமும் மறுநாள் மத்தியானமும் கிளினிக் கதவு சாத்தியிருந்தது. அடுத்து பெயரைப் படிப்பார், டாக்டர் ஃபோல்டரைத் திறப்பார். டாக்டருக்கு யார் முகமும் ஞாபகம் இருப்பதில்லை. பல் மறக்காது. முன்பல் இடைவெளியை மூடாமல் கல்யாணத்துக்கு நிற்க மாட்டேன் என்ற பெண். அவள் கணக்கில் ஒன்பதாம் நாள், குளவி பாதி அறையின் விளிம்பில் தலைகீழாக. அந்த இடைவெளி வழியாகத்தான் அவள் விசிலடிப்பாள், மூடிய பிறகு ஒரு வாரம் வருத்தப்பட்டாள் என்பது டாக்டருக்கு நினைவு வந்தது. வெற்றிலைக் கறையை எடுத்ததும் தன் பல்லே இல்லை என்று சண்டைக்கு வந்த லாரி டிரைவர். அவர் பல்லுக்கு அடியில் பதினாலாம் நாள், மரத்துப்போன சிலந்தி, எட்டு கண்ணிலும் வளைய ஃபிளாஷ். ஊசியைப் பார்த்ததும் தேசியகீதம் பாட ஆரம்பித்த தலைமை ஆசிரியை, இருபத்தொன்றாம் நாள். ஒரு படத்தில் எலுமிச்சை இலைக்கு ஓரமாக மங்கலாக ஒரு விரலும் இடுக்கியும் தெரிந்தன. டாக்டர் அதை வெகுநேரம் வைத்திருந்தார். அப்போது அந்த விரலில் கல்யாண மோதிரம்கூட இல்லை.

"சாப்பிட வரலையா?" என்று டீச்சர் வந்து கேட்டார். பார்த்துவிட்டு அவரும் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாற்பத்தேழு நாள் கிடைத்துவிட்டது. நடுவில் நாலு நாளும் கடைசி நாளும் இல்லை. அந்த நாலு நாளும் எல்லாரும் ஒழுங்காக நீலக் கார்டு போட்டிருக்கிறார்கள். கடைசி நாள் விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. மற்ற ஞாயிறுகளின் படங்கள் திங்கட்கிழமை முதல் நோயாளியின் கணக்கில் ஏறியிருந்தன; இந்த ஞாயிறை அதற்குள் அழித்தாகிவிட்டது. நாற்காலியில் யாரும் உட்காராத நாளுக்கு யார் பெயரில் ஃபைல் இருக்கும்?

டீச்சர் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கையில் கொடுத்தார். முகம் மலர்ந்திருந்தது. "இதைக் குடுத்தாலே போதும். கார்டு செத்தா என்ன, கம்ப்யூட்டர் காப்பாத்திடுச்சுன்னு சொல்லிடுங்க. அண்ணி உருகிடுவாங்க. எட்டு வருஷக் கோவம் அஞ்சு நிமிஷத்துல போயிடும்."

டாக்டர் பென் டிரைவைப் பார்த்தார். டீச்சர் சொன்னது சரி. நிச்சயம் போய்விடும். எட்டு வருடமாக உள்ளுக்குள் சொத்தையாகிக்கொண்டிருந்த பொய்க்கு, மேலே ஒரு கேப்பையும் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் யார் தட்டிப் பார்த்தாலும் பிரமாதமாக இருக்கிறதே என்றுதான் சொல்லுவார்கள்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல" என்று அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அக்கா வந்தார். கொஞ்சம் நரைத்திருந்தது. வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. மற்றபடி அதே நடை, அதே கைப்பை. அடுத்துவைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"எங்க உக்காரணும்னு உங்க டாக்டரைக் கேளுங்க."

"நாற்காலி ஒண்ணுதாம்மா இருக்கு" என்றார் அடுத்து.

அக்கா சாய்ந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். பழைய கூட்டின் அடித்தடம் மட்டும் சட்டத்தில் காவி நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருடத்தில் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தவர்களிடம் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா அதைப் பார்த்தார் என்று அவருக்குத் தெரிந்தது. வெள்ளைத் தாளைக் கழுத்தில் கட்டியபோது இரண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

மரப்பு ஊசி போட்டு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். உதட்டை லேசாகக் கிள்ளிப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். கீழ்த்தாடை மரத்துவிட்டது. வாய்க்குள் பஞ்சு, எச்சிலை உறிஞ்சும் குழாய், கண்ணாடி. எல்லாம் தெரியும், பேச முடியாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் உலகத்தில் எந்தத் தம்பிக்கும் கிடைக்காது என்று டாக்டருக்குத் தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் முகமூடியைக் கழற்றவில்லை.

"வலிச்சா இடது கையைத் தூக்கு" என்றார். எட்டு வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. எல்லா நோயாளிக்கும் சொல்கிற வார்த்தை என்பதால் அது கணக்கில் சேருமா என்பது தெரியவில்லை.

பல்லைக் குடைந்தார். சொத்தை ஆழமாக இருந்தது. மிஷின் சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் சொன்னார்.

"அக்கா, அந்தக் கார்டு சாகல. நான்தான் அழிச்சேன்."

அக்காவின் கண் கூரையிலேயே இருந்தது.

"நீலம்னு நெனச்சேன். ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் ஆமான்னு அமுக்கிட்டேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. அன்னிக்கு சொல்லல, அப்புறம் மறுநாள் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் முதல் நாளை விட கஷ்டமா இருந்துச்சு. அப்படியே போயிடுச்சு."

கதவருகில் நின்ற டீச்சரின் கை வாயை மூடிக்கொண்டது. அடுத்து குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார், ஏதாவது செய்ய வேண்டுமே என்று.

அக்காவின் இடது கை மெதுவாக மேலே எழுந்தது.

டாக்டர் உடனே எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். "வலிக்குதா?"

அக்கா இல்லை என்று தலையாட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைக் கொப்பளித்தார். பாதித் தண்ணீர் மரத்த உதட்டின் வழியாகத் தாளில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். பக்கத்தில் வைத்து, பூச்சியைப் பார்ப்பது போல.

"செத்த கார்டுல யாரோ ஒருத்தர் பல்லு மட்டும் எப்படிடா உயிரோட இருந்துச்சு?"

வார்த்தைகள் கொழகொழவென்று ஒரு பக்கமாகச் சரிந்து வந்தன. டாக்டருக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அன்னிக்கே பாத்துட்டியா?"

"அன்னிக்கு சாயங்காலமே உன் கேமராவுல போட்டுப் பாத்துட்டேன். ஒரே ஒரு படம். ஒன்பது நாற்பது. பல்லு நல்லா வந்திருந்துச்சு." அக்கா இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். "படம் போனா போகுதுடா. குளவி அடுத்த வருஷமும் கட்டும். நீ வந்து சொல்லுவேன்னு மூணு மாசம் பாத்தேன். சொல்லல. சரி, தம்பியும் அழிஞ்சிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். கோட்டுப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து அடுத்துவிடம் நீட்டினார். திரையில் முதல் மண் உருண்டை வந்தது. அக்கா ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார். சிலந்தி வந்தபோது மரத்த கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தேழாவது படத்தோடு திரை நின்றது.

"கடைசி நாள் கிடைக்கல" என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை. யார் ஃபைல்லயும் இல்ல."

அடுத்து தொண்டையைச் செருமினார். "சார், ஞாயித்துக்கிழமைன்னா அவசரத்துல இருக்கும்."

"என்ன அவசரம்?"

"லீவு நாள்ல யாராவது வலின்னு வந்தா நீங்களே பாத்து அனுப்பிடுவீங்கல்ல சார். திங்கக்கிழமை காலைல கிளினிக் திறந்ததும் கார்டுல பல்லுப் படம் இருந்தா எல்லாத்தையும் சேத்து 'ஞாயிறு அவசரம்'னு போட்டு வெச்சிடுவேன். அந்த வாரம்கூட ஒருத்தர் வந்திருந்தாரே. பேர் எழுதாம விட்டுட்டீங்க."

"அந்த வாரம் யாரும் வரல."

"வந்தாரு சார். வாயைத் திறந்துட்டு இருந்தாரு."

பழைய கம்ப்யூட்டரில் அடுத்து தேடினார். 'ஞாயிறு அவசரம், ஆண், பெயர் இல்லை.' பதினோரு படங்கள். துளை. தாடை. உணர்கொம்பு. தலை. ஈரமான சிறகு. பத்தாவதில் வெறும் துளையும், மூலையில் குளவியின் ஒரு காலும். பதினோராவதில் குளவியே இல்லை. குட்டிக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி, கண்ணை அகல விரித்து, அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்துகொண்டு ஒரு இளைஞன். பல் அத்தனையும் தெளிவு. அடியில் அடுத்துவின் குறிப்பு இருந்தது: 'மேல் இடது ஆறாவது பல், சொத்தை ஆரம்பம். மறுபடி வரச் சொல்லவும்.'

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு அடுத்து சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். அக்கா சிரித்தபோது முகத்தின் இடது பாதிதான் ஒத்துழைத்தது. வலது பாதி மரியாதையாக அப்படியே இருந்தது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடைச்சியா அதை?" என்றார் அக்கா.

"எதை?"

"ஆறாவது பல்லை."

"எங்கக்கா, நேரமே..."

"எட்டு வருஷமா?"

டாக்டர் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். பதில் அங்கேயே இருந்தது.

அக்காவின் பல்லை முதலில் ஒழுங்காக அடைத்து முடித்தார்கள். முடிந்ததும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். தன் கழுத்துத் தாளைக் கழற்றிச் சுருட்டிப் போட்டார். "உக்காரு" என்றார்.

"நான்தான் டாக்டர்."

"தெரியும். உக்காரு. முதல்ல முன் படம் எடுக்கணும்."

டாக்டர் தன் நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது செம்பருத்தி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது ஆச்சரியமாக இருந்தது. அலமாரியிலிருந்து கேமராவை எடுத்த அக்காவின் கட்டைவிரல் தானாகவே கார்டு மூடியைத் திறந்து பார்த்தது. நீலம்தான். மூடினார். முழங்காலை நாற்காலியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, உடம்பை ஒரு மயிரிழை முன்னால் கொண்டுவந்தார்.

"வாயைத் திற. மூச்சு விடாதே."

வளைய ஃபிளாஷ் அடித்தது. அக்கா எழுந்தார். அடுத்து பழக்கப்படி கையை நீட்டி நின்றார்.

"இதை யார் ஃபைல்லம்மா போடணும்?"

அக்கா கேமராவின் திரையை ஒரு தடவை பார்த்தார்.

"மற்றவையில போடுங்க."